மூடிய கால்வாயில் நீண்ட கை

என்னைப் போல ஒரு முட்டாளை எங்கள் தெரு அதற்கு முன் பெற்றதில்லை. பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டும்போது மழைநீர்க் கால்வாய் காலை இடறுகிறது, கருங்கல் பலகை போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான். அறுபதுகளின் கடைசி. எனக்கு மாலை போடாததுதான் பாக்கி. மூடியதைத் தூர்வார வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு முனையிலும் விட்டிருந்த வாய் வழியே புளித்த கஞ்சி, சாயக் கழிவு, கந்தல் என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தோம்.

பேய் பிசாசெல்லாம் வேலையில்லாதவன் பேச்சு என்பது என் கட்சி. இப்போதும் முக்கால்வாசி அதே கட்சிதான். மிச்சக் காலுக்குக் காரணம், கால்வாயை மூடிச் சில வருஷம் கழித்து வந்த ஒரு கார்த்திகை மழை.

வேகவதி ஆற்றில் வெள்ளம். தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் முழங்காலுக்கு ஏறி, வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளைச் சட்டை செய்யாமல் உள்ளே புகுந்து, நெய்பவன் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியை நிரப்ப ஆரம்பித்தது. தறியில் இருந்தது என் தங்கையின் கூறைப்புடவை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்த வீட்டில் எங்களுக்கென்று ஏறிய முதல் பாவு, தையில் கல்யாணம். அந்தச் சாக்கடை பட்டால் கரித்துணிக்குக்கூட ஆகாது.

அத்தை மகன் ஏகாம்பரத்தை ஒரு மூங்கிலைத் தேடி எடுத்துக்கொண்டு கீழ் வாய்க்குப் போய்க் குத்தச் சொல்லிவிட்டு, நான் வீட்டெதிரே மேல் வாயில் மண்டியிட்டு, கன்னம் சாக்கடையில் முங்கத் தோள் வரை கையை விட்டேன். நாற்றத்தைச் சொன்னால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். வழவழவென்று கஞ்சிக் கட்டி வந்தது, அப்புறம் புழு நெளியும் கந்தல், அழுகிய பெருச்சாளி ஒன்று, வால் மட்டும் கையோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் துழாவவே வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையை விரித்தால் போதும், ஒரு பிடி சேறு வந்து உட்காரும், அது வழுக்கி விழாதபடி என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிடும் ஏதோ ஒன்று. நம்பினால் நம்புங்கள். ஏகாம்பரம் மூங்கிலால் தள்ளுகிறான் என்றுதான் நினைத்தேன். மூங்கிலுக்கு ஏது விரல் என்று கேட்காதீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவனுக்கு மூளை ஓடாது.

கடைசியில் கால்வாய் ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழித்து இறங்கியது. உள்ளே ஓடிப் பார்த்தேன், குழித்தண்ணீர் பாவுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. வெளியே வந்து வாந்தியெடுத்து நிமிர்ந்தால் ஏகாம்பரம் மூங்கிலோடு வருகிறான்.

“நல்லா தள்ளிவுட்டே மச்சான்” என்றேன்.

“இன்னாபா, கிண்டலா? மூங்கில் கெடைக்காம அலைஞ்சுக்கினு இப்பத்தான் வரேன்.”

மழை விட்டதும் பலகைகளைப் பெயர்த்தோம். பூனை நுழையலாம், மனிதன் நுழைய முடியாத அகலம். என் கை எட்டவே எட்டாத நடுவில் மட்டும் சுரண்டித் துடைத்ததுபோல் இருந்தது. பிறகு அதை மூடவில்லை; பாவு போடும்போது இடறி விழுகிறோம், விழட்டும்.

தங்கை அந்தப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் இன்னும் விடவில்லை. மழை பிடித்துக்கொண்டால் வலது உள்ளங்கையில் அந்த நாற்றம் ஏறுகிறது. சீயக்காய், எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. மனப்பிராந்தி என்று நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவி பிற்பாடு வந்தவள், அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. போன மழைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சும்மா கையை நீட்டி, “ஏதாச்சும் நாறுதா பாரு” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஸ்பூன் தரேன், அதுல துன்னு.”