முளைப்பாரி வீட்டில் ஒரு தண்ணீர்க்குடம்

சிறுநீர் கழிக்கப் போகும்போது ஒரு பெண் அழுவாளா? நான் அழுதிருக்கிறேன். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறேன். மிளகாய்ப்பொடியைக் கரைத்து ஊற்றியது போல எரியும். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பவும் முட்டும். ஓடிப் போனால் நாலு சொட்டு வரும். அந்த நாலு சொட்டுக்குத்தான் அத்தனை அழுகையும்.

கோயில் மலருக்கு எழுதுவதை இப்படியா ஆரம்பிப்பது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மூன்று மாதம் எழுதவே இல்லை. "எழுதுனா முழுசா எழுது. இல்லாட்டி பேசாம ஜாக்கெட்டத் தை" என்றார் என் வீட்டுக்காரர். அதனால் முழுசாகவே எழுதுகிறேன். காளியம்மன் முன்னால் எனக்கு வெட்கம் இல்லை. உங்கள் முன்னால் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாண்டியம்மாள். வயது ஐம்பத்தேழு. ஆனையூரில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைத் திருநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். குறை என்று சொல்ல எதுவும் இல்லாத குடும்பம்.

எனக்கு ஒரே ஒரு ஆசை மட்டும் பல வருடமாக உள்ளே கிடந்தது. எங்கள் தெருக் காளியம்மனுக்குப் பங்குனியில் பொங்கல். அதற்கு முன்பு முளைப்பாரி வளர்ப்போம். ஒரு வீட்டை ஒழித்து, ஜன்னலை எல்லாம் அடைத்து, மண்சட்டிகளில் கரம்பை மண்ணும் காய்ந்த சாணத் தூளும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தை விதைத்து இருட்டில் வளர்ப்போம். சாயங்காலம் எல்லாப் பெண்களும் வாசலில் கும்மி அடிப்பார்கள். ஆனால் வீட்டுக்குள்ளே போய்த் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்கிறவள் ஒருத்திதான். சாவி அவளிடம்தான் இருக்கும். அவள் மாதவிலக்கு நின்றவளாக இருக்க வேண்டும். விரதம் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால்கூடத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மறுபடி உள்ளே கால் வைக்க வேண்டும்.

எனக்கோ பங்குனி பிறந்தால் போதும், சொல்லிவைத்தது போல மாதவிலக்கு வந்து நிற்கும். கும்மிக்குக்கூடத் தள்ளித்தான் நிற்பேன். அதனால் ஐம்பத்துமூன்று வயதில் அது நின்றபோது மற்றவர்கள் போல உடம்பு சூடு, படபடப்பு என்று நான் புலம்பவில்லை. சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டேன். அதுவரை எட்டு வருடம் சாவியை வைத்திருந்தவர் வேலம்மாள் மதினி. முட்டி வலிக்கிறது என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். "ஒழுங்கா பாத்துக்க பாண்டி, ஆத்தா ஒங்கிட்ட வர்றா" என்றார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து வீட்டுக்காரர், "கலெக்டரம்மா வாராக" என்று சிரித்தார்.

முதல் வருடம் நன்றாக நடந்தது. முளை ஒவ்வொன்றும் முழங்கை உயரம் வளர்ந்து நின்றது. அந்த ஆடியிலேதான் எரிச்சல் ஆரம்பித்தது. பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார், சரியாயிற்று. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார். அப்புறம் தீபாவளிக்கு வந்தது, தைப் பொங்கலுக்கு வந்தது. சொந்தக்காரர்கள்கூட அப்படி நல்ல நாள் பார்த்து வரமாட்டார்கள். மாத்திரையின் பெயர் நீளமாகிக்கொண்டே போனது, எரிச்சல் போகவில்லை.

இதில் நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும். என் உடம்பு அசுத்தமாகிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். அம்மன் வேலை செய்கிற உடம்பில் கிருமி இருக்கலாமா? காயம் கழுவும் கிருமிநாசினி பாட்டில் ஒன்று வாங்கி, தண்ணீரில் கலந்து, தினமும் நாலு தடவை கழுவினேன். கழுவிய கையோடு இதமாகத்தான் இருக்கும். பிறகு தோல் வறண்டு விண்விண் என்று வலிக்கும். இன்னும் சுத்தம் போதவில்லை என்று இன்னொரு மூடி சேர்த்து ஊற்றுவேன். அடுத்த பங்குனி வந்ததும் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். குடித்தால்தானே ஒன்றுக்குப் போக வேண்டும், போனால்தானே தலைக்கு ஊற்ற வேண்டும்? காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். அதுதான் என் விரதம். அடக்கி அடக்கி உட்கார்ந்திருப்பேன்.

அதோடு நிறுத்தினேனா? என் பெயரில் வளர்க்கும் மூன்று சட்டிகளுக்குச் சாணத் தூள் வேண்டாம், நாற்றம் என்று கழுவிய மணலைப் போட்டேன். பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று தண்ணீர்ச் செம்பில் அதே கிருமிநாசினியை இரண்டு மூடி ஊற்றித் தெளித்தேன். ஆறாம் நாள் கதவைத் திறந்தால் மற்ற சட்டிகள் எல்லாம் தளதளவென்று நிற்கின்றன. என் மூன்று சட்டியிலும் முளை கருகிச் சாய்ந்து கிடக்கிறது. முளைப்பாரி சாய்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மருந்து ஊற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மன் என்னைத் தள்ளிவிட்டாள் என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த பங்குனிக்கு, அதாவது போன வருடம், வேலம்மாள் மதினியிடம் போய்ச் சாவியை நீட்டினேன். உடம்பு சரியில்லை என்றேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அதுவே எனக்கு இன்னும் வலித்தது.

முளைப்பாரி போட்ட அன்று நான் கோயிலுக்குள் போகவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். உடம்பு அனலாகக் கொதித்தது, முதுகில் ஒரு பக்கம் குத்தியது. "ஆத்தா, நான் அசுத்தமா இருந்தா அதையாவது சொல்லு. இல்லேன்னா இதுக்கு ஒரு வழியக் காட்டு. சாவி எனக்கு வேணும். ஒன் வீட்டுக்குள்ள நான் வரணும்" என்று வாய்விட்டே கேட்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, வீட்டுக்காரர் என்னை ஆட்டோவில் சாய்த்துப் பிடித்திருந்ததுதான். குளிரில் பல் கிட்டித்துப் போயிருந்தது.

கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். ஊசி மருந்து நாலு நாள் ஏறியது. சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த பரிசோதனையில், நான் அதுவரை தின்ற மாத்திரைகளில் பாதி அந்தக் கிருமியிடம் இனி எடுபடாது என்று வந்தது. வீட்டுக்காரர் அந்தத் தாளை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் வழக்கமாக வரும் டாக்டர் வரவில்லை. என் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா வந்தார். தாளைப் படித்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "சார், ஒரு பத்து நிமிசம் வெளிய இருங்க" என்றார். அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் எந்த டாக்டரும் அதைச் சொன்னதில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் "எரியுது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வேன்.

"கழுவுறதுக்கு என்ன யூஸ் பண்றீங்கம்மா?" என்று கேட்டார்.

பாட்டிலைச் சொன்னேன். எத்தனை தடவை என்று சொன்னேன். தண்ணீர் குடிக்காததைச் சொன்னேன். ஆரம்பித்த பிறகு வாய் நிற்கவில்லை. மூன்று சட்டி சாய்ந்ததையும், நான் மருந்து ஊற்றியதையும் சேர்த்துச் சொல்லி அழுதேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்கயும் அங்கயும் ஒரே மருந்தத்தான் ஊத்துனீங்களா?" என்றார்.

"ஆமா மேடம்."

"மத்த சட்டியெல்லாம் எதுல வளந்துச்சு?"

"கரம்ப மண்ணு, சாணி."

"அதுல கிருமி இல்லையா?"

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பெண் உடம்பில் அந்த இடத்தில் நல்ல கிருமிகள் ஒரு கூட்டமாகக் குடியிருக்கின்றன. நம்மைக் காவல் காப்பது அவைதான். சிறுநீர்ப்பையில் கிருமியே கிடையாது என்றுதான் முன்பு டாக்டர்களும் படித்தார்களாம். இப்போது அங்கேயும் ஒரு கூட்டம் வாழ்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற சத்து உடம்பில் குறைகிறது. அது குறைந்தால் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. நல்ல கிருமிகளுக்கு இருப்பு இல்லாமல் போய், குடலிலிருந்து வரும் வேண்டாத கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை கெட்டதைக் கொல்லும்போது மிச்சமிருக்கும் நல்லதும் சாகிறது. "அதுக்கும் மேல நீங்க வேற பாட்டில் பாட்டிலா ஊத்திருக்கீங்க. நீங்க அசுத்தமா இல்லம்மா. ரொம்பக் கழுவிட்டீங்க" என்றார்.

நீங்க அசுத்தமா இல்லம்மா. வேப்ப மரத்தடியில் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கும் ஆத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதற்குப் பதில் அப்படியே அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டரம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்பில் கட்டி ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரித்து, ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகு, அந்தச் சத்து கலந்த, உள்ளே வைக்கும் ஒரு க்ரீம் எழுதிக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாமா என்று கூச்சத்தில் அந்த க்ரீம் ட்யூபைப் பத்து நாள் பீரோவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துக் கையில் கொடுத்தவர் வீட்டுக்காரர்தான். "மிஷினுக்கு எண்ண விடுறதுக்கு வெக்கப்படுவியா?" என்றார். பாட்டிலைக் குப்பையில் போட்டேன். கழுவப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். தைக்கும்போது பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். முட்டினால் உடனே எழுந்துவிடுவேன், கழுத்துப் பட்டி பாதியில் நின்றாலும் சரி.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் ஆவணியில் ஒரு தடவை லேசாக வந்தது. பரிசோதனை செய்து, அதற்குத் தகுந்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டேன், போய்விட்டது. அதற்குப் பிறகு தீபாவளியும் பொங்கலும் நிம்மதியாகக் கழிந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து திருநகர் வரை போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று தேடாமல் போன முதல் பயணம்.

இந்தப் பங்குனிக்குத் தானியம் ஊறவைக்கப் பெண்கள் எல்லாம் வேலம்மாள் மதினி வீட்டில் கூடினோம். ஆண்கள் யாரும் இல்லை. நான் எழுந்து நின்று, மூன்று சட்டியில் மருந்து ஊற்றியதிலிருந்து க்ரீம் வரை சொல்லிவிட்டேன். எல்லாரும் குனிந்து தானியத்தில் கல் பொறுக்க ஆரம்பித்தார்கள். போச்சு, இனிமேல் சாவியைக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

வேலம்மாள் மதினி பயறைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"எட்டு வருசம் வச்சிருந்த சாவிய ஒங்கிட்ட எதுக்குக் குடுத்தேன்னு நெனைக்கிற?"

"முட்டி வலின்னு சொன்னீகளே மதினி."

"முட்டியா? யாத்தி, அம்புட்டு எரிச்சல். வெளிய சொல்ல முடியுமா? முட்டின்னு சொன்னேன்."

அதற்குள் பின்னால் இருந்து ஒருத்தி "எனக்கும்தான்" என்றாள். இன்னொருத்தி "எனக்கு ரெண்டு வருசமா" என்றாள். ஒரே தெருவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறோம்.

மதினி சாவியை என் மடியில் போட்டார். "தலைக்கெல்லாம் ஊத்த வேணாம். கைகால கழுவிட்டு உள்ள போ. ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா. சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்றார். மறுநாள் அவரே ஒரு மண்குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து முளைப்பாரி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். பத்து நாளும் அந்தக் குடம் அங்கே இருந்தது. கும்மி அடிக்க வந்தவர்கள் எல்லாம் குடித்தார்கள்.

என் மூன்று சட்டிக்கும் இந்தத் தடவை நல்ல கரம்பை மண், நல்ல சாணத் தூள். முளை இளமஞ்சளாக, அடர்த்தியாக வந்தது. தலையில் தூக்கிக்கொண்டு கண்மாய் வரை நடந்தேன். வழியெல்லாம் குலவைச் சத்தம். கண்மாயில் இறங்கி முளைப்பாரியைக் கரைத்தபோது அழுதேன், இந்த அழுகைக்குக் குழாய் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை. மறுவாரம் வேலம்மாள் மதினியையும் இன்னும் இரண்டு பேரையும் கே.கே. நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா, ஊரையே கூட்டியாந்துட்டீங்க?" என்று சிரித்தார்.

சகோதரிகளே, எனக்குக் கொடுத்த மருந்தை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஆனால் நான் கேட்ட இடத்தில் நீங்களும் கேளுங்கள். என் ஆத்தா கேட்டதற்குப் பதில் சொல்கிறவள். கும்பிட்டு முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். நாற்காலியில் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவளும் என் ஆத்தாதான்.