பொட்டு வைத்த டிஸ்க்

"டிஸ்கும் பூட்டு." 2017 டைரியில், ஆயுதபூஜைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இப்படி எழுதியிருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தில் பதிவேடுகள் என் பொறுப்பு.

அன்று கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பயிற்சியாளர் ஒருவர் ஊழியர்களான எங்களைத் தாயப் பலகையைச் சுற்றி உட்கார வைத்தார். வைரஸ் எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிட்டது, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்பது ஆட்டம். தாயம் போட்டு, தப்பிக்க ஒரு வழியும் சொன்னால்தான் காய் வெளியே வரும்.

எனக்குத் தாயம் விழுந்தது. "சிஸ்டம்காரருக்குப் போன் போடுவேன்," என்றேன்.

"நம்பர் எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"கம்ப்யூட்டர்ல."

நர்ஸ் செல்வி சிரித்தார். "பூட்டுக்குள்ளயே சாவிய வெச்சிக்கினு தேடுறீங்களேண்ணா."

"எல்லாத்துக்கும் நகல் வெச்சிருக்கிற பேக்கப் டிஸ்க் இருக்குதே," என்றேன். "பூஜைக்குப் பொட்டு வெச்சோம். பொட்டு அழிஞ்சிடும்னு கழட்டாம கம்ப்யூட்டர்ல சொருகியே வெச்சிருக்கோம்."

"அப்ப அதுவும் பூட்டிக்கிச்சு," என்றார் பயிற்சியாளர்.

செல்வியின் சிரிப்பு நின்றது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலும் கம்ப்யூட்டரிலும் அந்த டிஸ்கிலும்தான் இருந்தது. அன்றே டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். பட்டியலைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மறுமாதம் வைரஸ் வந்து கம்ப்யூட்டர் திரைகள் நிஜமாகவே பூட்டிக்கொண்டன. சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தே அன்று டயாலிசிஸ் நடந்தது.

இப்போது பூஜைப் பொட்டு, டிஸ்க் இருக்கும் பீரோவுக்குத்தான். வைரஸ் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.