போல்ட் வைத்த கட்டில்

மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் கட்டிலை விட அதன் கதைக்குத்தான் மதிப்பு. அந்தக் கதையைச் சொல்ல என்னை வேலைக்கு வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியவள், ஆங்கிலம் பேசுகிறவள். மரக்கட்டிலில் மூட்டைப்பூச்சி அடைந்ததால் வெள்ளைக்காரர்கள் இரும்புக்கு மாறியதையும், கம்பிகள் கூடும் இடத்தில் உருக்கிய இரும்பை ஊற்றிப் பூ வார்த்ததையும் தேடிப் படித்துச் சொல்வேன்.

"டச்சுக்காரன் பங்களாக் கட்டில்னு சொன்னா மதி மோளே, அது போதும்" என்பார் முதலாளி. மலையாளம் கலந்து பேசும் பாலக்காட்டுத் தமிழர்.

"டச்சுக்காரன் இருந்தப்போ இந்தக் கட்டிலே கெடையாது சேட்டா."

"அவனா வந்து கேக்கப் போறான்?"

ஒரு மழைக்காலத்தில், பழைய இரும்போடு ஒரு பச்சைக் கட்டில் வந்திறங்கியது. ஒரு கால் மட்டும் துருப்பிடித்து ஒடிந்து, அதன் அடியில் பெரிய போல்ட் ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருந்தது. அந்த போல்ட்டைப் படகுத்துறையிலிருந்து கொண்டுவந்தவர் என் அப்பா. பச்சை, படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட அந்தக் கட்டிலில்தான் அம்மா எங்களைப் பெற்றாள், அதிலேயே செத்தாள். அன்றே உறவுக்காரர்கள் அதைத் தெருவில் தூக்கி வைத்தார்கள்.

முதலாளி பெருந்தன்மையாகவே சொன்னார்: "நின்டே அம்மா கட்டிலா? கொண்டு போய்க்கோ."

அப்பா வீட்டுக்குள் விடவில்லை. "செத்தவ கட்டில் திரும்ப வாசப்படி ஏறினா இன்னொரு உசுரக் கேக்கும். நாலு எழுத்து படிச்சிட்டா அது கேக்காதா?"

கட்டில் கடையிலேயே நின்றது. டச்சுக்காரன் கட்டிலாக மட்டும் அது போகக் கூடாது என்று நினைத்தேன். ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு பெங்களூர்ப் பெண் வந்து அதைத் தடவிப் பார்த்தபோது, முதலாளி வாய் திறக்கும் முன் நான் ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி, அப்பா, போல்ட், அம்மா. கேட்டவுடன் போய்விடுவாள் என்றிருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சையைச் சுரண்டக் கூடாது, போல்ட்டை வெட்டக் கூடாது என்றாள். கட்டில் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். மேலே வார்னிஷ் மட்டும் பூசி அனுப்பினோம்.

அடுத்த வாரம் கடைக்குப் பின்னால் வரிசையாக நின்ற கட்டில்களுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். பழசாகத் தெரிய, ஒருவர் சங்கிலியால் அடித்து அந்தப் பச்சையை உரித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அந்த அம்மாள் என் கையைப் பிடித்து வருந்தினாள்.

அவர்கள் நகர்ந்ததும் சொன்னேன். "சேட்டா, எங்கம்மா ஒரே ஒரு கட்டில்லதான் செத்தா."

"அது அவங்களுக்கு எங்ஙனே தெரியும்? நீ சொன்ன கதைதானே, டச்சுக்காரன விட நல்லா போகுது."

கடைக்குப் பின்னால் வெல்டிங் பொறி பறந்தது. அடுத்த கட்டிலின் நல்ல காலை அறுத்துவிட்டு, அங்கே ஒரு போல்ட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.