கீச்சு இல்லாத கிட்டார்

பரோக் கிட்டார் கேட்கிற ஆட்கள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இரண்டே பேர். ஒருவன் நான், பெரம்பலூரில் பேங்க் கிளார்க். இன்னொருவன் என் நண்பன், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் மிஷினுக்குப் பொறுப்பாளன். ஐரோப்பிய ராஜாக்கள் சாப்பாடு செரிக்கக் கேட்ட பழைய வாத்தியம் அது. ஆட்டுக்குடலைத் திரித்துத் தந்தி கட்டியிருப்பார்கள். எங்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டால் பதில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போவேன். ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவன் ஒரே நடன இசையை வெவ்வேறு ஆள் வாசித்த ரெக்கார்டிங்குகளைப் போடுவான். எது தேவலை, ஏன் என்று சொல்ல வேண்டும். தந்தியில் விரல் இழுபடும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது கேட்டால் போதும், வாசித்தவரின் பரம்பரையையே இழுத்துவிடுவான் என் நண்பன். கீச்சும் வாசிப்பில் சேர்த்திதான் என்பது என் கட்சி. இதற்காக மாசக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

போன வாரம் அவனைக் கடுப்பேற்றலாம் என்று, அவன் எப்போதும் கிழித்துத் தொங்கவிடும் ஆளின் ரெக்கார்டிங்கைப் போட்டேன். கீச்சுக்குப் பஞ்சமே இல்லாதது. அவன் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"இவன்தாண்டா வாத்தியக்காரன். கைய வெச்ச சத்தமே கேக்கல."

ஜெயித்துவிட்டேன் என்று சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்தினேன். சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். அதே தலையாட்டல். காதில் அடைப்பு வைத்தால் மிஷின் சத்தம் மாறுவது தெரியாது என்று இத்தனை வருஷமும் வெறும் காதோடு நின்றவன் அவன். உலகத்திலேயே நான் நம்பிய காது அது. பயந்துபோனேன். அவன் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பி, மழுப்பத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"கீச்சு கேக்குதுடா. நெறயவே கேக்குது. ஒனக்குத்தான் கேக்கல."

அவன் ஸ்பீக்கரைத் திட்டினான், என் போனைத் திட்டினான், கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டான். டீயோடு வந்த அவன் மனைவி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"ஒரு வருஷமா பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்புறதே இல்லைங்கண்ணே. எம்மேல என்ன கோவமோன்னு இருந்துட்டேன்."

அவன் நிறுத்தாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அவர் டம்ளர்களைக் கீழே வைத்தார். சுற்றி வந்து, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அதையே மறுபடி சொன்னார்.