அரிசிக் கடையில் பதின்மூன்று கிலோ

அரிசிக் கடையில் நிற்பவனுக்கு வாய்ப்பேச்சு அவ்வளவு முக்கியமில்லை, பல்தான் முக்கியம். மூட்டையில் இரும்புக் குழாயைக் குத்தி இழுத்தால் உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி விழும். அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தால் பழைய அரிசியா புது அரிசியா, ஈரம் காய்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். புறக்கோட்டையில் ஹாஜியாரின் மொத்த வியாபாரக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்துவரும் வேலை இது. என் பெயர் அன்டன், வீடு கொட்டாஞ்சேனையில்.

என் தங்கை ஸ்டெல்லா வெள்ளவத்தையில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. அவளுடைய புருஷனுக்குச் சீனி வருத்தம், அதனால் அவரால் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முடியாது. எனக்கு இரத்தமும் மற்றதெல்லாமும் பொருந்தின, என் நிறை மட்டும் பொருந்தவில்லை. தொண்ணூற்றெட்டுக் கிலோ இருந்தேன். எண்பத்தைந்துக்கு வந்தால்தான் கத்தி வைப்போம், அதுவும் பட்டினி கிடக்காமல் மெதுவாக வர வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாப்பொருள் குறைந்த சாப்பாடு என்று ஒரு தாளும் தந்தார். சோறு, பாண், இடியப்பம், பிட்டு, சீனி எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டிருந்தது. மீன், முட்டை, கீரை, கத்தரிக்காய், பயற்றங்காய் மிஞ்சின. என்னைப் போலவே சோற்றை விட்டுவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களில் யாரும் நாள் முழுக்க அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அதைச் செய்திருக்க மாட்டீர்கள்.

மூட்டையோடு மூட்டையாக

கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறுவேன். சுமை தூக்கும் நாட்டாமி சுனிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. தராசில் எது ஏறினாலும் இலக்கத்தை உரத்துச் சொல்லுவார், உள்ளே இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. என்னையும் அப்படியே கூவினார். வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் பழகிவிட்டது, நிற்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் என் நிறை பாடமாகிவிட்டது.

முதல் பத்து நாளில் இரண்டு கிலோ இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேகத்தில் போனால் இரண்டு மாதம் போதும் என்று ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு முந்நூறு கிராம், இருநூறு கிராம் என்று இழுத்தது. இரண்டு மாதம் என்று வாய் கொடுத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு தரம் இறங்கி ஏறிப் பார்த்தேன், அதே இலக்கம்தான் நின்றது. என்னை அண்ணன் என்று சிங்களத்தில் கூப்பிடும் சுனில், இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"அன்டன் அய்யே, எலி கடிச்ச மூட்டையும் ஒரு ராத்திரியில இதைவிடக் குறையுதே."

கீரிச்சம்பா வாங்க வந்தவர்

வெள்ளவத்தையில் கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு அம்மா எங்கள் பழைய வாடிக்கை. பெரிய கலியாணம் ஒன்றுக்குக் கீரிச்சம்பா அரிசி பார்க்க வந்தார். கடித்துக் காட்டினேன், அவரும் கடித்தார், திருப்திதான். பேச்சுவாக்கில், "உங்கட வீட்டிலயும் இதுதானே, தம்பி?" என்று கேட்டார். ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எனக்கு அன்று காலையிலிருந்து பசி, பசி வந்தால் எனக்குப் பொய் வராது. "நான் சோறு தின்னுறதில்லை, அம்மா. விட்டு மூண்டு மாசம்" என்றேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. மூட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். தங்கையின் வருத்தத்தைச் சொல்லி அரிசி விற்க மனம் கேட்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். போகும்போது என்னிடம் இல்லை, உள்ளே இருந்த ஹாஜியாரிடம் சொன்னார்.

"விக்கிறவரே தின்னாத அரிசியை நான் எப்பிடி முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுறது?"

நாலு மணித்தியாலம்

ஸ்டெல்லாவுக்குக் கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் நான் போய் அவளுடன் இருப்பேன். உடம்பில் சேருகிற தண்ணீர் தானாக வெளியேறாது, மெஷின்தான் எடுக்க வேண்டும். அதனால் கட்டிலில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் அவளை நிறுப்பார்கள். அன்று ஏறும்போது அறுபத்தொரு கிலோ, இறங்கும்போது ஐம்பத்தெட்டரை. ஒரு நாளைக்கு அரை லீற்றர் போத்தல் ஒன்றுதான் அவளுக்குத் தண்ணீர். அதை நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வாயை நனைத்து நீட்டுவாள்.

அன்று நான் நன்றாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். முட்டையைக் கண்டால் வெறுக்கிறது, மீனைக் கண்டால் வெறுக்கிறது, இந்தக் கிழமையும் இருநூறு கிராம்தான் என்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடு வெடித்திருந்தது. நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அண்ணா, நாலு மணித்தியாலத்தில நான் ரெண்டரைக் கிலோ இறக்கிப்போட்டு வாறன். நீ மாசக்கணக்கா அதைத்தானே இறக்கிறாய்."

அசையாத ஐந்து கிழமை

தொண்ணூற்றொன்றுக்கு வந்த பிறகு இலக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று ஐந்து கிழமை போயிற்று. மனைவி கறிக்கு எண்ணெயைக் குறைத்தாள். நான் வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனேன். சுனில் காலையில் இலக்கத்தைக் கூவுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறாவது கிழமை ஸ்டெல்லாவுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று வார்ட்டில் போட்டார்கள். மூக்கில் குழாயோடு அவளைப் பார்த்துவிட்டு வந்தவன் ஒரு முட்டாள்தனமான முடிவெடுத்தேன். சாப்பாட்டையே நிறுத்தினேன். இரண்டு நாள் வெறும் தேத்தண்ணி மட்டும். மூன்றாம் நாள் சம்பா மூட்டைகளுக்கு நடுவில் கண் இருட்டி விழுந்தேன். சுனில் என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்து ஓட்டோவில் ஏற்றினாராம்.

டொக்டர் சின்ன வயதுப் பெண், கோபத்தைக் குரலில் காட்டாத ஆள். நிறை எத்தனை இறங்கியது என்று கேட்கவேயில்லை. ஒரு கிழமைக்கு வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒழுங்காகச் சாப்பிட்டு, முட்டையின் எண்ணிக்கை வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, இதில் எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பொய் சொல்லுகிறேன் என்கிறீர்களா, மறுபடி பட்டினி கிடந்து காட்டவா என்று கேட்டுவிட்டேன்.

"உங்கட தங்கச்சிக்குச் சுகமான ஒரு ஆளிட்ட இருந்துதான் சிறுநீரகம் வேணும், அன்டன். நீங்க இப்பிடிச் செய்தால் பக்கத்துக் கட்டிலையும் நாங்க ஆயத்தம் பண்ண வேண்டி வரும்."

ஸ்டெல்லா எண்ணியது

வார்ட்டிலிருந்து வந்து இரண்டு கிழமை கழித்து ஸ்டெல்லா புறக்கோட்டைக்கு வந்தாள். புருஷன் பக்கத்துத் தெருவில் சாமான் வாங்கி முடியும் வரைக்கும் எங்கள் கடையில் ஒரு கதிரையில் இருந்தாள். அது சுறுசுறுப்பான நேரம். ஒருவர் நாட்டரிசி கேட்பார், ஒருவர் சம்பா, இன்னொருவர் சிவப்புப் பச்சையரிசி. நான் குழாயைக் குத்துவதும் கடிப்பதும் சொல்வதுமாக இருந்தேன். அவளைக் கவனிக்க நேரமில்லை. அவள் மடியில் போத்தலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் கடைச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றக் கடைகளில் அரிசியைக் கடித்துவிட்டு வாசலில் துப்புவார்கள். ஹாஜியாரின் கடையில் அது கூடாது. அரிசியைத் துப்பினால் பரக்கத், இறைவன் தரும் விருத்தி, போய்விடும் என்று நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார். நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன் என்றாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து கடிப்பதை விழுங்குவேன். அது சாப்பாடு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. வேலைதானே.

ஒரு நாளைக்கு எத்தனை மிடறு என்று எண்ணிக் குடிப்பவளுக்கு அடுத்தவன் வாய் அசைவதும் எண்ணிக்கையில் விழுந்துவிடும் போலிருக்கிறது. ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் நான் கடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு அரிசியை ஒரு காகிதப் பையில் போட்டு வரச் சொன்னாள். மாலையில் அந்தப் பையைச் சின்னத் தராசில் வைத்தபோது இருநூற்றுப் பத்துக் கிராம் காட்டியது. ஆக்கினால் ஒரு ஆளுக்கு இரண்டு நேரச் சோறு. டொக்டரிடம் நான் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்து காது சுட்டது. எத்தனை மாதத்தை அந்தப் பைக்குள் போட்டேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. முந்தின நாள் கதிரையில் இருந்தபடி அவள் சொன்னது இதுதான்.

"நான் வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, அண்ணா. அதுக்குள்ள பதினாறு தரம் விழுங்கிப்போட்டாய்."

ஹாஜியாரிடம் கேட்டது

கடிக்காமல் அரிசி விற்க முடியாது, விழுங்கவும் முடியாது. மிச்சம் துப்புவதுதான். இருபத்திரண்டு வருடமாக நான் ஹாஜியாரிடம் கேட்காத ஒன்றை அன்று கேட்கப் போனேன். மாட்டேன் என்றால் வேலையை விடுவது என்று இரவே மனைவியிடம் சொல்லியிருந்தேன். காகிதப் பையை அவருடைய மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பையைத் திறந்து பார்த்தார். கையில் கொஞ்சம் எடுத்தார், திரும்பப் போட்டார். கலியாணச் சமையல் அம்மா அன்று எழும்பிப் போனதற்கும் இவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சேர்த்து இன்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஹாஜியார் எழுபதைத் தாண்டியவர், சுள்ளி மாதிரி உடம்பு. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வாசலுக்கு வந்து, வாடிக்கைக்காரர் முன்னால் நான் நிற்கும் இடத்தில் நின்றார்.

"துப்பவும் வாணாம், விழுங்கவும் வாணாம். நீ குத்தி எடு, நான் கடிச்சுச் சொல்றேன்."

இறங்கியது எங்கே போயிற்று

அந்தக் கிழமையே தராசு அசைந்தது. வேகமாக இல்லை. ஆனால் நானூறு கிராம், முந்நூறு கிராம் என்று நிற்காமல் இறங்கியது. நான் ஸ்டெல்லாவுக்கு மாதக் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இடையில் அவள் இன்னொரு தரம் வார்ட்டுக்குப் போய் வந்தாள். அந்த நாட்களில் நான் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பட்டினி கிடப்பதைவிட அது கடினமாக இருந்தது, நம்புங்கள்.

ஹாஜியார் சொன்ன சொல் தவறாமல் நாலு மாதம் கடித்தார். ஒரு நாள் தொழுகைக்குப் போய் வந்தவர் சாரத்தை இழுத்து இழுத்துக் கட்டியும் சரிவரவில்லை. தானே தராசில் ஏறினார். சுனில் பழையபடி உரத்துக் கூவினார், ஆறு கிலோ கூடியிருந்தது.

"எங்க போகுதுண்டு யோசிச்சிட்டு ஈந்தேன். உன்ட கிலோவெல்லாம் என்ட சாரத்துக்குள்ளதான் ஈக்குது."

ஒரு முழுத் தம்ளர்

பதினோராவது மாதம் கிளினிக்கில் தராசில் ஏறினேன். கடைத் தராசில் எண்பத்து நாலு தொள்ளாயிரம், ஆனால் அங்கே என்ன காட்டும் என்று யாருக்குத் தெரியும். பொக்கெட்டில் இருந்த சில்லறையையும் வீட்டுத் திறப்பையும் எடுத்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன், பெல்ட்டையும் கழற்றினேன். எண்பத்தைந்து என்று வந்து நின்றது. டொக்டர் எழுதினார். திகதி குறித்தார். அதுவரைக்கும் நிறை கூடக்கூடாது என்றார். எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. ஒரு சிறுநீரகம் எத்தனை நிறை வரும் என்று கேட்டேன். கால் கிலோவும் வராது என்றார்.

வெளியே போட்டிருந்த நீள வாங்கில் இருவரும் இருந்தோம். ஸ்டெல்லா மடியில் அந்தப் போத்தல், பாதிக்குக் கீழே இருந்தது. பயமா என்று கேட்டேன், ஓம் என்றாள். எனக்கும் பயம்தான் என்று சொன்னேன். எல்லாம் சரிவந்தால் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை.

"உனக்கு ஒரு கோப்பை சோறு போட்டுத் தருவன், அண்ணா. நீ அதைத் தின்னு முடிக்கிறவரைக்கும் பக்கத்தில இருந்து ஒரு முழுத் தம்ளர் தண்ணியை நிப்பாட்டாமல் குடிப்பன்."

கால் கிலோ அரிசி கேட்டு வருபவர்களை மூட்டைக் கடை என்று சொல்லி இருபத்திரண்டு வருடமாகத் திருப்பி அனுப்பிய நான், கால் கிலோவும் வராத ஒன்றைக் கொடுப்பதற்குப் பதின்மூன்று கிலோ இறக்க வேண்டி வந்தது.