ட்ரைபாடுக்கு ஒரு மூட்டை

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கேமராக் கடையில் நிற்கிறேன். நாளைக் காலை மங்கலத்தில் ஒரு தறிக்கூடத்தைப் படம் பிடிக்க ஒரே ஒரு மணி நேரம் அனுமதி கிடைத்திருக்கிறது. என் சின்ன வீடியோ கேமராவுக்கு ட்ரைபாட் வேண்டும். பையில் போட்டால் இருப்பதே தெரியக்கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை.

கடைக்கார அம்மா பத்து வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவராம். ட்ரைபாடையும் அப்படித்தான் பார்க்கிறார். கால்களை இழுக்கிறார், மடக்குகிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். நான் ஆசைப்பட்ட இரண்டும் ரிஜெக்ட். மூன்றாவது பாஸ். சுண்டுவிரலில் தூக்கிவிடலாம்.

"ஏனுங்க, எங்க வெச்சுப் படம் புடிக்கப் போறீங்க?"

"மங்கலத்துல, தறி ஓடுறப்ப."

அவர் ட்ரைபாடைத் தரையில் நிறுத்தி விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். நடுங்குகிறது. "தறி ஓடுனா தரையே அதிருமுங்க. இது அங்க காவடியாட்டம் ஆடும்."

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்கிறார். மேசைக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுக்கிறார். வெட்டி மிஞ்சிய பனியன் துணியை இறுக்கி அடைத்தது, கல் மாதிரி கனம். இந்த ஊரில் அது இல்லாத கடையே இல்லை போல. ட்ரைபாடின் நடுக்கொக்கியில் மாட்டிவிட்டு மறுபடி தட்டுகிறார். அசையவில்லை.

"மூட்டை சும்மாதானுங்க, கொண்டு போங்க."

மறுநாள் காலை மங்கலம் பஸ்ஸில் ஏறுகிறேன். ட்ரைபாட் பையில் இருப்பதே தெரியவில்லை. மூட்டைக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார்.