கழுத்தைத் தொட்ட பிறகுதான் முதுகு

எண்ணெய்க் கிண்ணத்தைத் திறப்பதற்கு முன் பார்த்தினி கழுத்தைத் தடவிப் பார்த்துவிடுவாள். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னே, காறை எலும்புக் குழியில். பெண்கள் என்றால் அக்குளும் தப்பாது. சோலோ நகரத்துச் சந்தில் அவளிடம் முதுகு சுரண்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. "மாடு வாங்கற மாதிரி பாக்குறியே" என்று கேலி செய்தால் பதில் தயாராக இருக்கும்: "மாட்டுக்குப் பல்லு, மனுசனுக்குக் கழுத்து."

காய்ச்சலோ களைப்போ, அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: காற்று புகுந்துவிட்டது. பழைய செப்புக் காசை எண்ணெயில் தொட்டு, முதுகில் சிவப்புக் கோடு விழச் சுரண்டினால் காற்று இறங்கிவிடும். இருபது வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அந்தக் காசு. அவளுக்கே தினமும் சாயங்காலக் காய்ச்சல் வந்து, வியர்வையில் பாய் நனைந்து, கைலி இடுப்பில் நிற்காமல் இளைத்தபோதும் காற்று என்றே நினைத்தாள். நான்கு மாதம் தங்கையைத் தன் முதுகைச் சுரண்டச் சொன்னாள். கழுத்தில் பாக்கு அளவு கட்டி இருந்தது. வலிக்கவில்லை என்பதால் சட்டை செய்யவில்லை. ஊர் முதுகையெல்லாம் படித்தவளுக்குத் தன் கழுத்து தெரியாமல் போயிற்று.

மருத்துவமனையில் கட்டியை முழுதாக எடுத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய். ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்று அதில் இரண்டு குடும்பம். உள்ளே அறுபதுக்கு மேல் வகை. "என்னோடது ஹாட்ஜ்கின். எதுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து" என்பாள், சம்பந்தி வீட்டைச் சொல்வதுபோல. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஆறு மாதம், நரம்பில் மருந்து ஏறியது. முடி கொட்டியது, முளைத்தது. ஐந்து வருடமாகக் கட்டி திரும்பவில்லை. வருகிறவர்களின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வருடா வருடம் கட்டியை எடுத்த நாளில் மஞ்சள் சோறு சமைத்து, சந்துக்குப் பரிமாறும் முன் ஒரு பொட்டலத்தை மருத்துவமனை ஆய்வகச் சன்னலில் கொடுத்துவிட்டு வருவாள். "அந்தப் புண்ணியவான் கண்ணு நல்லா இருக்கணும்."

நேற்றுக் காலை சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் நார்யோ வந்து சட்டையைக் கழற்றினார்.

"ஒரு மாசமா காத்து, தங்கச்சி. நல்லா அழுத்தி இழு."

பார்த்தினியின் விரல் அவருடைய காறை எலும்பின் மேல் நின்றது. "இது எத்தனை நாளா இருக்கு அண்ணே?"

"அதுவா? வலிக்கவே இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நீ முதுகைப் பாரு."

காசைப் பெட்டியில் போட்டு மூடினாள். "இன்னிக்குச் சுரண்ட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீங்க மிதிங்க, நான் ஏறிக்கிறேன்."

"ஓசிச் சவாரிக்கு நல்ல வழி" என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அங்க போனா வெட்டுவாங்க."

"எல்லாக் கட்டியும் அதுவா இருக்காது. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே. வெட்டிக்கிட்டவங்க பொழைச்சிருக்காங்களா?"

பார்த்தினி சட்டைக் கழுத்தை விலக்கினாள். அவருடைய விரலைப் பிடித்துத் கட்டி எடுத்த தன் தழும்பின் மேல் வைத்து, அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தும் விடாமல், அங்கேயே அழுத்திக்கொண்டாள்.